கேட்பவரைத் தனியே விடாதீர்கள்

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தை அடுத்த வெங்களூரைச் சேர்ந்த ஜகபர் அலி, பள்ளிவாசலில் தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் டிப்பர் லாரி மோதி இறந்துபோனார். முதலில் அது சாலை விபத்து என்றுதான் பதிவானது. குடும்பத்தினர் விடவில்லை. கல்குவாரிகளை எதிர்த்து மனு மேல் மனு கொடுத்து வந்த மனிதர், இது விபத்தாக இருக்க முடியாது என்று புகார் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அது கொலை வழக்கானது. குவாரி உரிமையாளர்கள், லாரி உரிமையாளர், ஓட்டுநர் என வரிசையாகக் கைதானார்கள். சில நாட்களில் வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதில் தலையிட நமக்கு உரிமை இல்லை.

நாம் பேச வேண்டியது வேறு. முன்னாள் ஒன்றியக் கவுன்சிலரான ஜகபர் அலி அரசிடம் கேட்டது என்ன? துளையானூர்ப் பக்கத்துக் குவாரிகளில் அனுமதித்த அளவுக்கு மேல் கல் வெட்டி எடுக்கிறார்கள், அளந்து பாருங்கள் என்று கேட்டார். அவ்வளவுதான். அவர் உயிரோடு இருந்தவரை மனுக்கள்தான் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் இறந்த பிறகு கனிமவளத் துறையினர் ட்ரோன் சகிதம் குவாரிக்குப் போய் அளந்தார்கள். ஒரு பள்ளத்தின் ஆழத்தை அளக்க ஒரு மனிதர் சாக வேண்டியிருந்தது என்பதை எழுதும்போதே கை நடுங்குகிறது. அந்த மனு எந்தெந்தக் கைகளுக்குப் போனது, அதில் இருந்த செய்தி யார் யார் காதுக்கு எட்டியது என்ற கேள்வி அன்றைக்கே மாவட்டம் முழுக்க எழுந்தது.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் ஊருணியைத் தூர்வாரிய கணக்கைக் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு தகவல் விண்ணப்பம் போட்டேன். நான்காம் நாள் மாலை, ஒப்பந்தக்காரரின் மைத்துனர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தெரிந்த பையன்தான். "என்ன மாமா, நம்ம ஊருக்குள்ள இதெல்லாம் எதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். திட்டவில்லை, மிரட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகு என் மனைவி உள்ளே வந்து, "அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நான் கேட்ட தகவல் என் கைக்கு வர 47 நாளாயிற்று. என் பெயர் அவர் கைக்குப் போய்ச் சேர நான்கே நாள்.

மனு கொடுத்தவர் யார் என்பது வெளியே போகக் கூடாது. அந்த மனுவுக்கு என்ன ஆனது என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். நம் அலுவலகங்களில் இது தலைகீழாக நடக்கிறது. மனுதாரரின் பெயர் ஊரெல்லாம் சுற்றுகிறது; மனுவின் முடிவு மட்டும் கோப்புக்குள்ளேயே கிடக்கிறது. இந்த ஒன்றைச் சரிசெய்தால், கேட்கிறவர்கள் மேல் கை வைக்கிற துணிச்சலில் பாதி போய்விடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை மறைக்க ஒருவரைக் கொன்று ஆகப்போவது ஒன்றுமில்லை.

திங்கள்கிழமை காலை புதுக்கோட்டை கலெக்டர் அலுவலக வாசலுக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். மனு எழுதிக் கொடுப்பவர்களைச் சுற்றிக் கூட்டம். உள்ளே போகிறவர்களின் பையைப் போலீசார் திறந்து பார்ப்பார்கள், யாராவது தீக்குளிக்க மண்ணெண்ணெய் பாட்டில் கொண்டு வந்திருக்கிறார்களா என்று. ஒரு ஜனநாயக நாட்டில் மனு கொடுக்க வருகிறவரிடம் மண்ணெண்ணெய் தேட வேண்டியிருக்கிறதே, அதன் பொருள் என்ன என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். அங்கே ஒரு நாள், பட்டா மாறுதலுக்காக வந்திருந்த ஓர் அப்பத்தா, ஜவுளிக்கடைப் பைக்குள்ளிருந்து ஐந்து ரசீதுகளை எடுத்து, சுருக்கம் நீவி, பெஞ்சில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். "அஞ்சு வாட்டி குடுத்துட்டேன் தம்பி. ஒவ்வொரு வாட்டியும் சீட்டு குடுக்குறாக. சீட்டுதான் சேந்துருக்கு."

அந்த ஐந்து சீட்டுகளும் பொய்யில்லை. மனு கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஆர்.டி.ஓ.வுக்குப் போயிருக்கும், அங்கிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து ஆர்.ஐ.க்கு, கடைசியில் அதே ஊர் வி.ஏ.ஓ. மேசைக்கு. யார் மேல் குறை சொல்லி மனு எழுதினோமோ அவர் கைக்கே அது வந்து சேர்வதும் உண்டு. "தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அதோடு மனு முடிந்தது என்று கணக்கு.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1997-இல், விதிவிலக்குகள் நிறைந்த ஒரு தகவல் சட்டத்தை நாட்டிலேயே முதலாவதாகக் கொண்டுவந்த மாநிலம். 2005 சட்டத்தின் 4-ஆம் பிரிவை நம்மில் பலர் படிப்பதில்லை. நேரே 6-ஆம் பிரிவுக்குப் போய் விண்ணப்பம் எழுதிவிடுகிறோம். 4-ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், யாரும் கேட்காமலே ஒவ்வோர் அரசு அலுவலகமும் 17 வகைத் தகவல்களைத் தானாக வெளியிட வேண்டும். அதில் ஒன்று, அந்த அலுவலகம் வழங்கிய சலுகை, உரிமம், அனுமதி இவற்றைப் பெற்றவர்களின் விவரம். குவாரிக் குத்தகை இதற்குள்தான் வருகிறது. எந்தச் சர்வே எண், யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, எத்தனை கன மீட்டர், எத்தனை மீட்டர் ஆழம் என்பதெல்லாம் மனு போட்டுக் கெஞ்ச வேண்டிய விவரங்கள் இல்லை. குவாரிக்குக் கிடைத்த சுற்றுச்சூழல் அனுமதியின் நகலும் அப்படித்தான். உள்ளாட்சிக்கு அனுப்ப வேண்டும்; வந்த நாளிலிருந்து 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். உங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் அப்படி ஒரு தாளை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். குவாரி வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒரே மாதிரி பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுமதித்த அளவு இவ்வளவு, இந்த மாதம் கொடுத்த நடைச்சீட்டு இவ்வளவு, அரசுக்குக் கட்டிய தொகை இவ்வளவு. இரவும் பகலும் ஓடுகிற டிப்பர்களை எண்ணத் தெரியாதவர்கள் நம் ஊரில் யார்? டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவரே சொல்லிவிடுவார், பலகையில் இருப்பதும் சாலையில் போவதும் ஒத்துப்போகிறதா என்று. குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளித்தான் குவாரி இருக்க வேண்டும் என்ற விதி தெரிந்தால், வெடி வைக்கும்போது சுவர் விரிகிற வீட்டுக்காரர் தானே அடி எண்ணி நடந்து பார்த்துக்கொள்வார். அப்போது ஒரு ஜகபர் அலி தேவைப்பட மாட்டார். ஊரே ஜகபர் அலியாக இருக்கும்.

கல்குவாரியை ஊர் கையில் எடுத்த வரலாறு இந்த மாவட்டத்துக்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இங்கே நடந்ததை ஐம்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைத்தான் உலகம் பேசியது. அதே காலத்தில் கல் உடைக்கும் கூலிப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். அதுவரை இடைத்தரகரிடம் கைநீட்டிக் கூலி வாங்கியவர்கள், குத்தகைப் பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். எத்தனை லோடு போனது, எவ்வளவு வர வேண்டும் என்று நோட்டில் எழுதினார்கள். பின்னால் அந்த ஏற்பாடு நிலைக்காமல் போனது பெரிய வருத்தம். ஆனால் கணக்கு கைக்கு வந்தால் கல் உடைக்கிறவரும் நிமிர்ந்து நிற்பார் என்பதை இந்த மண் ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறது.

அதற்கும் முன்னால் போனால் திருமயமே சாட்சி சொல்லும். மலையடிவாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் குடைந்த சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் இடையே நெடுநாள் வழக்கு ஒன்று இருந்தது. 1245-இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் அது பேசித் தீர்க்கப்பட்டது. தீர்ப்பை ஓலையில் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் படிக்கும்படி கல்லில் வெட்டினார்கள். நம் கோயில் சுவர்களில் இருக்கிற கல்வெட்டுகளில் பெரும்பகுதி இதுதான்: யார் நிலம் யாருக்குப் போனது, எந்தக் குளத்துக்கு எந்த வாய்க்கால், வரி எவ்வளவு. குடுமியான்மலைச் சுவரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஊர்ச் சொத்தின் கணக்கை ஊர் கூடும் இடத்தில் எழுதி வைப்பது நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் இல்லை.

ராஜஸ்தானில் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராயும் அவரோடு நின்ற கிராமத்து மக்களும் செய்தது இதைத்தான். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்களைக் கூட்டி, அரசு வேலையின் கூலிப் பட்டியலை உரக்கப் படித்தார்கள். இந்தத் தேதியில் உனக்குக் கூலி கொடுத்ததாக இருக்கிறதே, வாங்கினாயா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அந்தக் கூட்டங்களில் முளைத்த கேள்விதான் பத்து ஆண்டு கழித்து நாட்டுக்கே சட்டமானது. படித்தவர் ஒருவர் தனியாகக் கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. கூலிக்காரர்கள் கூட்டமாக நின்று கேட்டார்கள்.

காவல் நிலையத்துக்கு வருவோம். இங்கே பதிவேடு என்பது உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு சாவு விபத்து என்று எழுதப்படுகிறதா, கொலை என்று எழுதப்படுகிறதா என்பதில்தான் தடயம் நிற்கும் அல்லது அழியும். வெங்களூரில் குடும்பம் வாய்மூடி இருந்திருந்தால் அந்த முதல் பதிவே கடைசிப் பதிவாகியிருக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தபோது, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டது என்ன? நிலையத்து சி.சி.டி.வி. பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டி வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2025 ஜூனில், நமக்குப் பக்கத்து மாவட்டமான சிவகங்கையில் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்துக் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணோம் என்ற புகாரின் பேரில் அடித்தே கொல்லப்பட்டார். அடித்ததை வெளியே கொண்டுவந்தது ஒரு சாதாரண மனிதர் மறைந்து நின்று எடுத்த செல்போன் வீடியோ. அரசின் கேமரா பார்க்க வேண்டியதை ஒரு தனி மனிதர் பயந்துகொண்டே எடுக்க வேண்டியிருந்தது. அவரும் தனியாகத்தான் நின்றார்.

புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193-ஆம் பிரிவு சொல்கிறது. பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரிலேயே உத்தரவிட்டது. இந்த விவரங்களைத் திருமயம், அறந்தாங்கி, ஆலங்குடி என்று நம் நிலையங்கள் ஒவ்வொன்றின் வாசலிலும் தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? புகாரைப் பெற்றதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்குத் திரும்புகிற எத்தனையோ பேருக்கு, தங்கள் புகார் வழக்காகவில்லை என்பதே தெரியாது.

விசாரணை நடக்கிறது, அதனால் எதுவும் சொல்ல முடியாது என்ற பதிலைப் பலரும் கேட்டிருப்போம். துப்பு வெளியே போகக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் விசாரணை நடக்கிறது என்ற ஒன்றை மட்டும் காட்டித் தகவலை மறுக்க முடியாது, வெளியிட்டால் விசாரணை எப்படிக் கெடும் என்று அதிகாரி காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் தெளிவாகச் சொன்னது.

மௌனம் எவ்வளவு தூரம் காயப்படுத்தும் என்பதற்கு நம் மாவட்டத்து வேங்கைவயலை விட வேறு உதாரணம் வேண்டாம். 2022 டிசம்பர் 26-இல், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அடுத்த மாதமே வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. மரபணுச் சோதனைகள் நடந்தன. இரண்டு ஆண்டு, இடையில் ஊருக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது அது அதே சமூகத்து இளைஞர்கள் மூவரைக் குற்றம் சாட்டியது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டுப் போராடினார்கள். யார் சொல்வது சரி என்று தீர்மானிக்கும் இடத்தில் நான் இல்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். இரண்டு ஆண்டு மூடி வைத்துவிட்டு ஒரே நாளில் திறந்து காட்டினால், உள்ளே இருப்பது உண்மையாகவே இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். என்ன தடயம் தேடுகிறோம், எந்தக் கட்டத்தில் இருக்கிறோம், ஏன் தாமதம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பொறுப்பான அதிகாரி அந்தத் தெருவில் உட்கார்ந்து பேசியிருந்தால் கசப்பு இவ்வளவு முற்றியிருக்காது. முடிவு எதுவாக இருந்தாலும், அந்த மக்கள் தங்கள் அரசை நம்புவதற்குக் கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்கும்.

காவல்துறையின் மேல் புகார் இருந்தால் எங்கே போவது? 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டம்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டம், மாவட்ட ஆணையத்துக்கு கலெக்டரைத் தலைவராக்கி, எஸ்.பி.யை உறுப்பினராக்கியது. நல்ல அதிகாரிகள் அந்தப் பதவிகளில் வந்திருக்கிறார்கள், வருவார்கள். ஆனாலும் எந்தத் துறையின் மேல் புகாரோ அந்தத் துறையின் மாவட்டத் தலைவரே விசாரிக்க உட்கார்ந்தால், புகார் கொடுக்க வருகிறவர் படியேறத் தயங்கத்தான் செய்வார். இதை மாற்றச் சொல்லி எல்லாக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் கேட்க வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் இது பொருந்தும்.

அதிகாரிகள் பக்கத்துக் குரலையும் கேட்டிருக்கிறேன். தகவல் சட்டத்தை வைத்துக்கொண்டு மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்கிறார்கள். இருக்கிறார்கள். நானே ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆள் நூறு விண்ணப்பம் போட்டு அலுவலகத்தைத் திணறடிக்கிறார் என்கிறார்கள். ஒரு வி.ஏ.ஓ. இரண்டு மூன்று கிராமத்துக்குக் கூடுதல் பொறுப்பு பார்க்கும் நிலையில் இது சுமைதான். ஆனால் மூடி வைத்த தகவலுக்குத்தான் விலை உண்டு. பலகையில் எழுதிப் போட்டதை வைத்து யாரை மிரட்ட முடியும்? 4-ஆம் பிரிவை ஒழுங்காக நிறைவேற்றுகிற அலுவலகத்துக்கு 6-ஆம் பிரிவில் வருகிற விண்ணப்பம் தானாகக் குறையும்.

நேர்மையான அதிகாரியைக் காப்பாற்றுவதும் திறந்த பதிவேடுதான். 2023 ஏப்ரல் 25-இல் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தலைத் தடுத்ததற்காகத் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2010-இல் குஜராத்தில் கிர் காட்டைச் சுற்றி நடந்த கள்ளச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா, அகமதாபாத்தில் உயர் நீதிமன்றத்தின் எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவர் அரசு ஊழியர், மற்றவர் குடிமகன். இருவரும் தனித்துத் தெரிந்தார்கள், அதுதான் ஆபத்தானது. முறைகேடுகளை வெளிப்படுத்துகிறவர்களைக் காக்க நாடாளுமன்றம் 2014-இல் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவராமலே பத்து ஆண்டுகளுக்கு மேல் கடத்திவிட்டார்கள். அது போதாதென்று, 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஒ)-ஐத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்கும் வாசலை அகலமாக்கியிருக்கிறது. நல்லவேளையாகப் பொதுநலன் பெரிதென்றால் வெளியிடலாம் என்னும் 8(2) அப்படியே இருக்கிறது. தகவல் அலுவலர்கள் மறுக்கப் பேனா எடுக்கும்போது அந்த உட்பிரிவையும் ஒரு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் மாவட்டத்து ஊராட்சிகளுக்கு வருவோம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஜகபர் அலி இறந்தது அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து. வழியில் மறித்துக் கேட்க ஒரு தலைவர் இல்லாத காலத்தில் கிராம சபை ஒன்றுதான் ஊருக்கு மிஞ்சும் இடம். ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஆறு நாளும் வரவு செலவுக் கணக்கை வாசிக்க வேண்டும். அதோடு இன்னும் இரண்டு சேர்க்கச் சொல்வோம். ஊர் எல்லைக்குள் இருக்கும் குவாரிகளின் குத்தகை விவரம். சென்ற கூட்டத்துக்குப் பிறகு இந்த ஊரிலிருந்து போன மனுக்கள் எத்தனை, தீர்ந்தது எத்தனை, எந்த மேசையில் நிற்கிறது எத்தனை என்ற எண்ணிக்கை, பெயரில்லாமல். எஸ்.பி. அலுவலகம் மனது வைத்தால், அந்தந்தக் காவல் நிலையத்தில் வந்த புகார், போட்ட வழக்கு எண்ணிக்கையையும் அங்கேயே ஓர் உதவி ஆய்வாளர் வந்து வாசிக்கலாம். தீர்மான நோட்டில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள்.

இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு, வழக்கறிஞர்களுக்கு, கல்லூரி மாணவர்களுக்கு, உள்ளூர் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கேள்வி கேட்கிற ஒருவர் இருப்பார். ஊர் அவரை வேலையற்றவர் என்று சொல்லும். அவரைத் தேடிப் போங்கள். அவர் போடும் விண்ணப்பத்தை நீங்களும் போடுங்கள். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்து விண்ணப்பமாகப் போட்டால் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்? 6-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, தகவல் எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் பதில் இல்லாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். பதில் தர மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பிரச்சினை உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். கோப்பை நேரில் உட்கார்ந்து பார்க்கவும் உரிமை உண்டு. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த கிராம சபைக்குத் தனியாகப் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.